பித்தக்குழாய்க்குள் ஒரு சிவப்பு வெளிச்சம்

மஞ்சள் காமாலை என்றதும் நம்மூரில் முதலில் நினைவுக்கு வருவது கீழாநெல்லி. ஆனால் காமாலை என்பது ஒரு நோய் அல்ல, ஓர் அறிகுறி. வைரஸ் கல்லீரலைத் தாக்கினாலும் கண் மஞ்சளாகும். கல்லீரலில் இருந்து பித்தநீர் இறங்கி வரும் குழாய் அடைத்துக்கொண்டாலும் கண் மஞ்சளாகும். அப்படி அடைக்கும் காரணங்களில் மிக மோசமானது, அந்தக் குழாயின் உட்சுவரிலேயே முளைக்கும் புற்றுநோய். டாக்டர்கள் இதைக் கோலாஞ்சியோகார்சினோமா என்கிறார்கள்.

இந்த நோயைச் சிவப்பு வெளிச்சத்தைக் கொண்டு விரட்டப் பார்த்திருக்கிறார்கள் என்றால் நம்ப முடிகிறதா? எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு அல்ல. சதையைச் சுட்டு வெட்டும் லேசரும் அல்ல. திசுவைச் சுடும் அளவுக்குச் சூடே இல்லாத வெளிச்சம். 2003ல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் மற்றவர்களைவிட ஐந்து மடங்கு நாட்கள் உயிரோடு இருந்தார்கள் என்றது. 2010ல் வெளியான இன்னோர் ஆய்வு, இந்தச் சிகிச்சை பெற்றவர்கள்தான் சீக்கிரம் இறந்தார்கள் என்றது. அதே மருந்து, அதே வெளிச்சம். விடை மட்டும் நேர் எதிர்! இது எப்படி நடந்தது என்று புரிய வேண்டுமானால் நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

பாரமீசியம் செத்த கதை

வெயிலை மருந்தாக்குவது பழைய யோசனைதான். உடம்பில் வெள்ளைத் தேமலுக்குக் கார்போக அரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நிற்கச் சொல்வது நம் நாட்டு வைத்தியத்தில் உண்டு. எகிப்திலும் இதே போல வேறொரு செடியைப் பயன்படுத்தினார்கள். நவீன மருத்துவத்தில் ஒளிக்கு மரியாதை வாங்கித் தந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஃபின்சென். தோலில் வரும் காசநோயை விளக்கொளியால் குணப்படுத்தியதற்காக 1903ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் நம் கதை தொடங்குவது ஜெர்மனியின் மியூனிக் நகரில், ஒரு மாணவனிடம். பெயர் ஆஸ்கர் ராப். பேராசிரியர் ஹெர்மன் வான் டாப்பைனரின் ஆய்வகத்தில், அக்ரிடின் என்ற சாயம் பாரமீசியம் என்ற ஒரு செல் உயிரியை எவ்வளவு நேரத்தில் கொல்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. 1897 - 98 குளிர்காலம். ஒரே அளவு சாயம்தான் போடுகிறார். ஆனால் ஒரு நாள் பாரமீசியம் சீக்கிரம் சாகிறது, இன்னொரு நாள் வெகுநேரம் தாக்குப் பிடிக்கிறது. வேறு யாராக இருந்தாலும் கணக்கில் ஏதோ தப்பு என்று விட்டிருப்பார்கள். ராப் யோசித்தார். வெகுநேரம் தாக்குப் பிடித்த அன்று இடியும் மின்னலுமாக வானம் இருண்டு கிடந்ததாம். அப்படியானால் கொன்றது சாயம் மட்டும் அல்ல, சாயமும் வெளிச்சமும் சேர்ந்து!

1900ல் இதை ராப் வெளியிட்டார். அடுத்த சில வருடங்களில் டாப்பைனர் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். சாயமும் வெளிச்சமும் இருந்தாலும் ஆக்ஸிஜன் இல்லாவிட்டால் ஒன்றும் நடப்பதில்லை. சாயம், வெளிச்சம், ஆக்ஸிஜன் என்ற மூன்றும் ஓரிடத்தில் சேர வேண்டும். இதற்கு அவர் வைத்த பெயரில் இருந்துதான் 'போட்டோடைனமிக்' என்ற சொல் வந்தது. 1903லேயே ஈயோசின் என்ற சாயத்தைத் தோல் புற்றுநோயில் தடவி வெளிச்சம் காட்டியும் பார்த்துவிட்டார்கள்.

நடப்பது இதுதான். வெளிச்சத்தை உறிஞ்சிய சாயம், அந்த ஆற்றலைப் பக்கத்தில் இருக்கும் ஆக்ஸிஜனிடம் கொடுக்கிறது. சாதுவாக இருந்த ஆக்ஸிஜன் கண நேரத்துக்கு வெறிபிடித்த ஆக்ஸிஜனாக மாறித் தொட்டதை எல்லாம் அரிக்கிறது. அதன் ஆயுள் மிக மிகக் குறைவு என்பதால் பிறந்த இடத்தைத் தாண்டி அது போகாது. எனவே சாயம் இருக்கும் இடத்தில், வெளிச்சம் படும் இடத்தில் மட்டும்தான் சேதம். புற்றுநோய்க்கு இதைவிட வசதியான ஆயுதம் உண்டா?

தனக்குத் தானே ஊசி

நல்ல சாயம் வேண்டுமே! நம் ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் பொருளில் இருந்து எடுக்கப்பட்ட ஹீமடோபார்ஃபிரின் மீது விஞ்ஞானிகளின் கண் விழுந்தது. 1912ல் ஃபிரீட்ரிக் மையர்-பெட்ஸ் என்ற ஜெர்மன் டாக்டர் அதில் 200 மில்லிகிராமைத் தனக்குத் தானே ஊசி போட்டுக்கொண்டார். பிறகு வெயிலில் போனார். வெயில் பட்ட இடம் எல்லாம் வலியோடு வீங்கியது. முகம் அடையாளம் தெரியாமல் போனது. ஊசி போட்டு வாரக்கணக்கில் ஆன பிறகும் வெயில் ஆகவில்லை. இந்தச் சிகிச்சையின் மிகப் பெரிய பக்கவிளைவை உலகம் அன்றே பார்த்துவிட்டது. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

1924ல் பிரான்ஸைச் சேர்ந்த பொலிகார், சில கட்டிகள் புற ஊதா வெளிச்சத்தில் தாமாகவே சிவப்பாக ஒளிர்வதைக் கவனித்தார். பார்ஃபிரின் போய்ச் சேரும் இடம் கட்டி என்பதற்கு அது அடையாளம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லிப்சன் என்பவர், கட்டியில் இன்னும் நன்றாகத் தங்கும் ஒரு கலவையைப் பயன்படுத்தத் தொடங்கினார்.

இதைச் சிகிச்சையாக நிலைநாட்டியவர் தாமஸ் டோஹர்ட்டி. டாக்டர் அல்ல, வேதியியல்காரர். முன்பு டூபாண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் உள்ள ராஸ்வெல் பார்க் புற்றுநோய் மையத்தில் இருந்து, 1975ல் எலிகளின் கட்டிகள் இம்முறையில் அழிவதைக் காட்டினார். 1978ல் 25 நோயாளிகளின் தோலிலும் தோலுக்கடியிலும் இருந்த 113 கட்டிகளில் இதைச் செய்து பார்த்தார். 111 கட்டிகள் முழுமையாகவோ ஓரளவோ கரைந்தன.

தோல் சரி, உடம்புக்குள் எப்படி வெளிச்சம் அடிப்பது? அதற்கான பதில் வேறு துறையில் தயாராகிக்கொண்டிருந்தது. 1960ல் லேசர் பிறந்தது. தலைமுடி போன்ற கண்ணாடி இழை வழியாக லேசரை எங்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். 1980களின் தொடக்கத்தில் டோக்கியோவில் ஹயாட்டாவின் குழு, மூச்சுக்குழாய்க்குள் எண்டோஸ்கோப்பை விட்டு நுரையீரல் புற்றுநோய்க்கு ஒளி கொடுத்தது. குழாய்க்குள் வெளிச்சம் போக முடியும் என்பது உறுதியானது.

மருந்து கைமாறிய விதம்

டோஹர்ட்டியின் கலவைதான் பின்னர் போர்ஃபைமர் சோடியம் என்ற மருந்தாகி, போட்டோஃப்ரின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதை உரிமம் வரை கொண்டுபோனது கனடாவின் வான்கூவர் நகரில் 1981ல் தொடங்கப்பட்ட க்யூஎல்டி என்ற சிறிய நிறுவனம். 1993ல் கனடா இதைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு அனுமதித்தது. 1995ல் அமெரிக்கா, உணவுக்குழாயை அடைத்துக்கொண்ட புற்றுநோய்க்கு அனுமதித்தது.

ஆனால் அந்த நிறுவனத்துக்கு உண்மையான வருமானம் புற்றுநோயில் இருந்து வரவில்லை. 2000ல் அனுமதி கிடைத்த விசுடைன் என்ற அதே வகை மருந்து, வயதானவர்களின் விழித்திரைக் கோளாறுக்கானது. பார்வை மங்கும் முதியவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். குழாய்ப் புற்றுநோய்க்காரர்கள் சொற்பம். அதே 2000ல் போட்டோஃப்ரின் வேறொரு கனடா நிறுவனத்துக்கு விற்கப்பட்டது, அதன்பின் மேலும் கைமாறியது. மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்விக்குப் பதில் தேடப் பெரிய ஆய்வு வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். சந்தை சிறியது என்றால் அந்தப் பணத்தைப் போட ஆள் கிடைப்பது கஷ்டம். பின்னால் வரும் ஆய்வுகளில் நோயாளிகளின் எண்ணிக்கையைப் பார்க்கும்போது இது புரியும்.

இதில் ஒரு கொடுமையும் இருக்கிறது. மேலை நாடுகளில் அபூர்வமான இந்தப் புற்றுநோய், தாய்லாந்தின் வடகிழக்கில் உலகிலேயே அதிகம். அங்குள்ள நெல் விவசாயிகள் ஆற்று மீனை வேகவைக்காமல் உண்பார்கள். அந்த மீனில் இருக்கும் தட்டைப்புழு பித்தக்குழாயில் குடியேறி, பல வருடம் புண்ணாக்கி, கடைசியில் புற்றுநோயாக்குகிறது. 1994ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அந்தப் புழுவையே புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் சேர்த்தது. நோய் அதிகம் இருக்கும் இடத்தில் பணம் இல்லை. பணம் இருக்கும் இடத்தில் நோய் அதிகம் இல்லை.

அடைத்த குழாய்

கல்லீரலின் வலது பாதியில் இருந்து ஒன்றும் இடது பாதியில் இருந்து ஒன்றுமாக இரண்டு பித்தக்குழாய்கள் வந்து, கல்லீரலின் வாசலில் ஒன்றாகச் சேர்கின்றன. இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் முளைப்பது சரியாக அந்தச் சந்திப்பில்தான். 1965ல் யேல் பல்கலைக்கழகத்தின் ஜெரால்ட் கிளாட்ஸ்கின் இப்படிப்பட்ட 13 பேரைப் பற்றி எழுதியதால், அவர் பெயரிலேயே 'கிளாட்ஸ்கின் கட்டி' என்றும் சொல்வார்கள்.

கட்டி சிறியதுதான். ஆனால் இடம் மோசம். பக்கத்திலேயே கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்கள். வலி இல்லாமல் கண் மஞ்சளாகி, உடம்பு அரித்து, மலம் வெளுத்து, சந்தேகம் வந்து பார்க்கும்போது பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டியிருக்கும். கொல்வதும் பெரும்பாலும் கட்டி பரவி அல்ல. தேங்கிய பித்தநீரில் கிருமி தொற்றியும் கல்லீரல் செயலிழந்தும்தான்.

எனவே முதல் வேலை, அடைப்பைத் திறப்பது. 1980ல் ஹாம்பர்க்கில் இருந்த நிப் சோஹெண்ட்ரா, வாய் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டுப் பித்தக்குழாயில் ஒரு பிளாஸ்டிக் குழாயை வைக்கும் முறையை வெளியிட்டார். இதுதான் ஸ்டென்ட். வயிற்றைக் கிழிக்காமல் காமாலை இறங்கியது. ஆனால் ஸ்டென்ட் கட்டியை ஒன்றும் செய்யாது. சில மாதங்களில் அது மறுபடி அடைத்துக்கொள்ளும்.

அந்த இடத்தில்தான் ஒளி வந்தது. எண்டோஸ்கோப் போகிற வழியில் கண்ணாடி இழை போகாதா? 1991ல் அமெரிக்காவின் மெக்காகன், ஒரு நோயாளிக்கு நான்கு வருடங்களில் ஏழு முறை இப்படிச் சிகிச்சை செய்ததை எழுதினார். கட்டியை வெட்ட முடியாத ஒருவர் நான்கு வருடம் இருந்தது பெரிய செய்தி!

முறை எளிமையானது. மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். சுமார் 48 மணி நேரம் காத்திருப்பார்கள். மற்ற திசுக்களில் இருந்து மருந்து குறைந்து கட்டியில் தங்கியிருக்கும். பிறகு இழையைக் கட்டியின் நடுவில் நிறுத்தி 630 நானோமீட்டர் சிவப்பு லேசரைச் சில நிமிடம் பாய்ச்சுவார்கள். கடைசியில் ஸ்டென்ட் வைப்பார்கள். ஒரே குறை, அந்தச் சிவப்பு வெளிச்சம் சில மில்லிமீட்டர் ஆழம்தான் போகும். வழியைத் திறக்க அது போதும். கட்டியை வேரோடு அழிக்கப் போதாது.

98 நாளும் 493 நாளும்

1998ல் பெர்லினில் ஆர்ட்னர் என்ற டாக்டரின் குழு, ஸ்டென்ட் வைத்தும் பலன் இல்லாத ஒன்பது பேருக்கு இதைச் செய்தது. பாதிப் பேர் 439 நாட்களையும் தாண்டி இருந்தார்கள். உடனே முறையான ஆய்வு தொடங்கியது. 39 நோயாளிகள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். 20 பேருக்கு ஒளியும் ஸ்டென்ட்டும், 19 பேருக்கு ஸ்டென்ட் மட்டும். 2003ல் முடிவு வந்தது. ஸ்டென்ட் மட்டும் வைத்தவர்களின் இடைநிலை ஆயுள் 98 நாட்கள். ஒளியும் சேர்ந்து கிடைத்தவர்களுக்கு 493 நாட்கள்!

வித்தியாசம் இவ்வளவு இருக்கும்போது, இனியும் குலுக்கல் போட்டுப் பாதிப் பேருக்கு ஒளியை மறுப்பது நியாயம் அல்ல என்று ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். 2005ல் ஜெர்மனியிலேயே 32 பேரைக் கொண்ட இன்னொரு ஆய்வு, சற்றே வேறான மருந்தோடு, 7 மாதத்துக்கு எதிராக 21 மாதம் என்றது. பல நாட்டு மருத்துவமனைகள் நம்பிக்கையோடு லேசர் வாங்கின.

அடுத்து வந்தது பிரிட்டன். போட்டோஸ்டென்ட்-02 என்று பெயர். 92 நோயாளிகள், பக்கத்துக்கு 46 பேர். முந்தைய ஆய்வைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 2010ல் மருத்துவ மாநாட்டில் முடிவைச் சொன்னார்கள், முழுக் கட்டுரை 2018ல் வந்தது. ஸ்டென்ட் மட்டும் வைத்தவர்கள் 9.8 மாதம். ஒளியும் பெற்றவர்கள் 6.2 மாதம்.

எங்கே இடித்தது?

ஒளி பெற்றவர்களின் எண்ணைப் பார்த்தால் திகைப்புதான் மிஞ்சும். மற்ற எண்ணைப் பாருங்கள். 2003ல் ஸ்டென்ட் மட்டும் வைத்தவர்கள் 98 நாள், அதாவது மூன்று மாதத்துக்குச் சற்று மேல். பிரிட்டனில் அதே ஸ்டென்ட் மட்டும் வைத்தவர்கள் கிட்டத்தட்ட பத்து மாதம். ஒரே சிகிச்சைக்கு மூன்று மடங்கு வித்தியாசம் என்றால், இரண்டு ஆய்விலும் சேர்க்கப்பட்டவர்கள் ஒரே மாதிரியானவர்கள் அல்ல.

2003 ஆய்வில் சேர்ந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தும் காமாலை போதிய அளவு இறங்காதவர்கள் என்பது பின்னர் எழுந்த முக்கியமான விமர்சனம். பித்தநீர் தேங்கியே இருப்பவர்களுக்கு, ஒளி வழியைத் திறந்துவிட்டதும் பலன் பெரிதாகத் தெரியும். பிரிட்டன் ஆய்விலோ, பித்தநீர் நன்றாக வடியத் தொடங்கியவர்களைத்தான் சேர்த்தார்கள். அடைப்பே பெரிய பிரச்சனையாக இல்லாதவருக்கு, அடைப்பைத் திறக்கும் சிகிச்சை என்ன தரும்? மேலும் அதில் நோய் வேறு இடங்களுக்குப் பரவியவர்களும் இருந்தார்கள். அங்கெல்லாம் இந்த வெளிச்சம் எட்டாது.

இன்னொன்றும் உண்டு. பிரிட்டன் ஆய்வில் ஸ்டென்ட் மட்டும் வைத்தவர்களில் அதிகம் பேருக்குப் பின்னர் கீமோதெரபி கிடைத்தது. அதே 2010ல், ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் ஆயுள் 8.1 மாதத்தில் இருந்து 11.7 மாதமாகிறது என்று 410 பேரைக் கொண்ட ஆய்வு நிரூபித்தது. நடுவில் கீமோதெரபி ஓடி முந்திவிட்டது.

குலுக்கல் இல்லாமல், பழைய மருத்துவக் குறிப்புகளை வைத்து ஒப்பிட்ட ஆய்வுகள் பல இன்றும் ஒளிக்குச் சாதகமாகவே பேசுகின்றன. ஆனால் ஒளிச் சிகிச்சைக்கு யாரை அனுப்புவார்கள்? தாங்கும் தெம்பு உள்ளவரை. தெம்பு உள்ளவர் எப்படியும் கொஞ்சம் அதிக நாள் இருப்பார். அந்த நாட்களையும் சேர்த்து வெளிச்சத்தின் கணக்கில் எழுதிவிடுவது சுலபம்.

இன்றைய நிலை

போட்டோடைனமிக் சிகிச்சை செத்துப்போகவில்லை. தோல் நோய்களில் அது நிலைத்துவிட்டது. பித்தக்குழாயில் சில மையங்கள், ஆபரேஷன் செய்ய முடியாத, பரவாத, ஸ்டென்ட்டுக்கு மட்டும் அடங்காத கட்டிகளுக்கு இதைப் பயன்படுத்துகின்றன. இன்னும் ஆழமாகப் போகும் புதிய மருந்துகளையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். அதே குழாய்க்குள் ரேடியோ அலையால் சுடும் முறையும் 2011 முதல் போட்டிக்கு வந்துவிட்டது. அதற்கு மருந்தும் வேண்டாம், வெயிலுக்கு ஒளியவும் வேண்டாம். 2022ல் கீமோதெரபியோடு துர்வாலுமாப் என்ற எதிர்ப்புசக்தி மருந்தைச் சேர்ப்பது ஆயுளை இன்னும் கொஞ்சம் நீட்டுவதாக நிரூபணமாகி, அமெரிக்காவில் அனுமதியும் பெற்றது.

ஆனால் 39 பேரையும் 92 பேரையும் வைத்துக்கொண்டு உலகம் இன்னும் வாதாடிக்கொண்டிருப்பதுதான் வருத்தம். கீமோதெரபியோடு ஒளியையும் சேர்த்துப் பார்க்க 2014 வாக்கில் அமெரிக்காவில் தொடங்கிய பெரிய ஆய்வு, விடை தராமலே நிறுத்தப்பட்டது.

இப்போது மையர்-பெட்ஸின் வீங்கிய முகத்துக்கு வருவோம். போட்டோஃப்ரின் ஏற்றியவர் நான்கு முதல் ஆறு வாரம் வெயிலிலும் பலமான விளக்கொளியிலும் படக் கூடாது. ஆனால் இருட்டறையில் அடைந்து கிடக்கவும் கூடாது, வீட்டுக்குள் சாதாரண வெளிச்சத்தில் இருக்க வேண்டும். 493 நாள் என்பது சுமார் 70 வாரம். அதில் ஆறு வாரம் வெயிலைத் தவிர்க்க யாரும் சம்மதிப்பார்கள். 6.2 மாதம் என்பது சுமார் 27 வாரம். அதில் ஆறு வாரம் என்றால் மிச்சமிருக்கும் வாழ்க்கையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பேரக்குழந்தையோடு வாசலில் உட்காரக்கூட முடியாத வாரங்கள் அவை.

ஒரு நோயாளி எந்தக் கணக்கை நம்பி வெயிலை விட்டு விலகுவது? ஐந்து மடங்கு ஆயுள் என்ற செய்தி எங்கே கண்ணில் பட்டாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: யாரைவிட ஐந்து மடங்கு?